'புட்' சறுக்கும் இடங்கள்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

கன்சைன்மென்ட், டிஸ்க்ரிபன்சி என்று வாய்க்குள் நுழையாத வார்த்தைகளை எல்லாம் பிழையில்லாமல் எழுதிவிடுகிறவர்கள், ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து உள்ள 'புட்'டில் (put) மாட்டிக்கொள்கிறார்கள். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் மெர்ச்சண்டைசர்கள் (ஆர்டர்களைக் கவனிப்பவர்கள்) வெளிநாட்டு பையர்களுக்கு (சரக்கு வாங்குபவர்களுக்கு) எழுதும் மெயில்களை, வெளியே போகும் முன் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. வாரம் தவறாமல் வரும் பிழை இது. ஆள் மாறுவார், பையர் மாறுவார், பிழை மட்டும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் நம்ம 'போடு'தான் இதற்கு வேர்.

இலக்கணப் பாடம் எதுவும் இங்கே கிடையாது. உங்கள் வாக்கியத்தில் என்ன கோளாறு தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். சுலபமாகச் சரியாவது முதலில் இருக்கும், வேலை வாங்குவது பின்னால் வரும்.

எதையும் திருத்தும் முன்: இரண்டு கேள்வி

'புட்' வரும் வாக்கியத்தைப் பார்த்து இரண்டு கேள்வி கேளுங்கள். எதை? எங்கே?

இரண்டுக்கும் வாக்கியத்துக்குள்ளேயே பதில் இருந்தால் அநேகமாக வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது. 'ஐ புட் த ஸ்வாட்ச் இன் த கவர்.' எதை? ஸ்வாட்சை, அதாவது மாதிரித் துணித் துண்டை. எங்கே? கவருக்குள். சரி, கை வைக்க வேண்டாம்.

'எங்கே' இருக்க வேண்டிய இடத்தில் ஆன், ஆஃப், அப், அவுட் மாதிரி ஒரு குட்டிச் சொல் நிற்கிறதா? அப்படியானால் அறிகுறி 4-க்குப் போங்கள். இரண்டும் இல்லையா? அறிகுறி 1-இல் தொடங்குங்கள்.

அறிகுறி 1: வாக்கியம் பாதியில் நின்ற மாதிரி இருக்கிறது

'ஐ புட் த ஃபைல்.' 'ப்ளீஸ் புட் த ஃபேன்.' 'ஹி புட் ஹிஸ் ஷர்ட் அண்ட் கேம்.' மூன்றும் ஒரே மாதிரி தெரிந்தாலும் காரணம் வேறு வேறு.

*இடம் விட்டுப்போயிருக்கலாம்.* தமிழில் 'ஃபைலைப் போட்டுட்டேன் சார்' என்றால் எங்கே என்று சாருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் தெரிந்திருந்தாலும் சொல்லியாக வேண்டும். 'ஆன் யுவர் டெஸ்க்', 'இன் த டிரே' என்று ஏதாவது ஒன்றைச் சேருங்கள். ஒன்றுமே தோன்றவில்லை என்றால் 'ஹியர்', 'தேர்' போட்டால்கூட வாக்கியம் எழுந்து நிற்கும்.

இதோடு சேர்ந்தே வரும் குழப்பம் இன், ஆன். உள்ளே போவது என்றால் இன் அல்லது இன்டு; மேல்பரப்பில் இருப்பது, ஒட்டுவது என்றால் ஆன். 'புட் த ஸ்டிக்கர் இன் த கார்ட்டன்' என்று பேக்கிங் செக்‌ஷனுக்கு எழுதினால் ஸ்டிக்கர் பெட்டிக்குள்ளே போய்விடும். வெளிப்பக்கம் ஒட்ட வேண்டியது அது. அப்புறம் கார்ட்டனை எல்லாம் பிரிக்க வேண்டும்.

*'ஆன்' விட்டுப்போயிருக்கலாம்.* ஃபேன், லைட், ஏசி, டிவி ஒரு கூட்டம். சட்டை, செருப்பு, கண்ணாடி, ஹெல்மெட் இன்னொரு கூட்டம். இவற்றுக்கெல்லாம் 'புட் ஆன்' என்று சேர்த்தே வரும். 'புட் ஆன் த ஃபேன்', 'புட் ஆன் யுவர் ஹெல்மெட்.' வெறும் 'புட் த ஃபேன்' என்றால், கேட்பவர் ஒரு டேபிள் ஃபேனைக் கையில் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று நிற்பார். கரன்ட்டில் ஓடும் சாமான்களுக்கு 'டர்ன் ஆன்', 'சுவிட்ச் ஆன்' எந்த நாட்டிலும் செல்லும்.

சட்டை விஷயத்தில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. 'புட் ஆன்' என்பது போட்டுக்கொள்ளும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும். போட்டிருப்பதற்கு 'வேர்'. 'ஷி இஸ் புட்டிங் ஆன் எ ப்ளூ சாரி' என்றால் உள்ளே புடவை கட்டிக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். நீலப் புடவையில் இருப்பவரைக் காட்ட 'இஸ் வேரிங்' வேண்டும். 'ஹி இஸ் ஆல்வேஸ் புட்டிங் ஸ்பெக்ஸ்' என்பதும் இதே கோளாறுதான். 'ஹி வேர்ஸ் ஸ்பெக்ஸ்' என்று முடித்துவிடலாம்.

*இடமும் சேர்க்க முடியவில்லை, ஆனும் ஒட்டவில்லை.* அப்படியானால் அந்த வாக்கியத்தில் 'புட்'டுக்கே இடமில்லை. அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 2: தமிழில் 'போடு' வரும் இடத்தில் எல்லாம் 'புட்' வந்து உட்கார்ந்திருக்கிறது

நான் திருத்துவதில் பாதிக்கு மேல் இந்த ரகம். தமிழில் நாம் போடாதது எது? டீ போடுகிறோம், கோலம் போடுகிறோம், சண்டை போடுகிறோம், ஓட்டுப் போடுகிறோம். டாக்டர் ஊசி போடுகிறார், வாத்தியார் மார்க் போடுகிறார், கோழி முட்டை போடுகிறது, ஆடு குட்டி போடுகிறது. வக்கீல் வழக்குப் போடுகிறார், கார்ப்பரேஷன் ரோடு போடுகிறது. 'புட்'டால் இவ்வளவு பாரம் தாங்க முடியாது.

சோதனை இதுதான்: ஒரு பொருள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு உண்மையிலேயே போகிறதா? உப்பு டப்பாவிலிருந்து குழம்புக்குப் போகிறது. 'புட் சால்ட் இன் த குழம்பு' சரி. டீ எங்கிருந்தும் எங்கும் போகவில்லை, அடுப்பில் புதிதாக உண்டாகிறது. 'புட் டீ' தவறு. சண்டைக்குப் போக இடமே இல்லை.

சோதனையில் தோற்றால் இந்த வரிசையில் முயன்று பாருங்கள்.

*முதல் வைத்தியம், காசில்லாதது: 'புட்'டை அழித்துவிட்டு, பின்னால் நிற்கும் பெயரையே வினையாக்குங்கள்.* 'தே புட் ஃபைட்' என்பது 'தே ஃபாட்' ஆகும். 'புட் வோட்' வெறும் 'வோட்'. 'புட் லாக்' வெறும் 'லாக்'. 'ஐ வில் புட் மெயில்' என்று எழுதியவர் 'ஐ வில் மெயில் யு' என்று எழுதலாம். ஃபோன், பிரின்ட், ஸ்டிட்ச், சைன் எல்லாம் இப்படியே தனியாக நடக்கும். நிறைய வாக்கியங்கள் இந்த இடத்திலேயே குணமாகிவிடும்.

*அடுத்து, உண்டாக்குவதா என்று பாருங்கள்.* டீ, சத்தம், திட்டம், லிஸ்ட் எல்லாம் 'மேக்'. இங்கிலாந்துக்காரர்கள் டீக்குப் 'புட்' சொல்வது உண்மைதான், ஆனால் அவர்கள் போடுவது கெட்டிலை: 'புட் த கெட்டில் ஆன்.' அதைக் கேட்டுவிட்டு 'புட் டீ' சரி என்று வாதாடுகிறவர்கள் உண்டு. கெட்டில் அடுப்புக்குப் போகிறது, டீ போகவில்லை.

*ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பதா?* ஊசிக்கும் மார்க்குக்கும் 'கிவ்'. சாப்பாடு போடுவது 'சர்வ்'.

*இதிலும் அடங்காதவை ஒவ்வொன்றுக்கும் தனித் துணை வைத்திருக்கும்.* இங்கே சுருக்குவழி கிடையாது, மனப்பாடம்தான். ஆர்டருக்கு 'பிளேஸ்'. கோலத்துக்கு 'டிரா'. ரோட்டுக்கும் முட்டைக்கும் ஒரே சொல், 'லே'. வழக்குக்கு 'ஃபைல்', இன்வாய்ஸுக்கு 'ரெய்ஸ்', கிரிக்கெட் பந்துக்கு 'போல்'. லீவு எடுத்தால் 'டேக்', லீவு லெட்டர் கொடுத்தால் 'அப்ளை ஃபார்'. 'டுமாரோ ஐ ஆம் புட்டிங் லீவ்' என்பதை நான் திருத்தாத வாரம் இல்லை.

சந்தேகம் வந்தால் அகராதியில் 'புட்' பக்கத்தைத் திறக்காதீர்கள். அது பக்கம் பக்கமாக ஓடும், தேடியது கிடைக்காது. பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றும் ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே அகராதி வைத்திருக்கின்றன, இணையத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் 'ஆர்டர்' என்று தேடினால், எடுத்துக்காட்டு வாக்கியங்களிலேயே 'பிளேஸ்' வந்து நிற்கும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் எதைச் செய்து முடித்தாலும் கடைசியில் ஒரு 'போட்டேன்' சேர்ப்போம். 'கட்டிங் முடிச்சுப்போட்டோம்' என்று மனதுக்குள் ஓடுவது, மெயிலில் 'வி ஃபினிஷ்ட் கட்டிங் அண்ட் புட்' என்று இறங்கிவிடுகிறது. முடித்து எங்கே போட்டீர்கள் என்று பையர் கேட்டால் பதில் இருக்காது. இந்தப் 'போட்டோம்' ஆங்கிலத்தில் 'வி ஹேவ் ஃபினிஷ்ட்' என்பதில் வரும் அந்த 'ஹேவ்'வுக்குள் அடங்கிவிடுகிறது. 'புட்'டை வெட்டிவிடுங்கள், போதும்.

'டோன்ட் புட் சீன்', 'டோன்ட் புட் மொக்கை' இரண்டையும் நான் தொடுவதில்லை. நண்பர்களுக்குள் பேசுவது அது, திருத்தினால் சுவை போய்விடும். வெளியாளிடம் சொல்ல வேண்டுமானால் 'டோன்ட் ஷோ ஆஃப்' என்று சொல்லலாம். 'மேக் எ சீன்' என்று மாற்றிவிடாதீர்கள். நாலு பேர் பார்க்கக் கத்திக் கலாட்டா செய்வதுதான் அது, நம்ம 'சீன்' வேறு.

இவ்வளவும் படித்துவிட்டு, நல்லாயிருக்கும் 'புட்'டையும் பிடுங்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். பணத்தை பேங்கில் போடுவது, தேதியை மேலே போடுவது, கமா போடுவது, உடம்பில் வெயிட் போடுவது, எல்லாவற்றுக்கும் 'புட்' தாராளமாக வரும். வெயிட்டுக்கு மட்டும் 'ஆன்' சேர்த்து 'புட் ஆன் வெயிட்'. 'புட் யுவர் சிக்னேச்சர் ஹியர்' என்பதிலும் குற்றம் இல்லை. எதை, எங்கே இரண்டும் இருக்கின்றனவே.

அறிகுறி 3: 'புட்' வர வேண்டிய இடத்தில் 'கீப்' இருக்கிறது

இது எதிர்ப்பக்கத்துக் கோளாறு. 'போடு' எல்லாம் 'புட்' ஆகும்போது, 'வை' எல்லாம் 'கீப்' ஆகிவிடுகிறது. 'வேர் டிட் யு கீப் மை கீஸ்?' 'கீப் த பேக் ஆன் த ஃப்ளோர்.' நமக்குள் பேசும்போது யாருக்கும் உறுத்தாது. வெளிநாட்டவர் காதில் 'கீப்' என்பது விடாமல் வைத்திருப்பது. 'வி கெப்ட் த கார்ட்டன்ஸ் இன் த கோடவுன்' என்று படித்தால், வைத்தார்கள் என்று எடுத்துக்கொள்ள மாட்டார். அனுப்பாமல் அங்கேயே வைத்திருந்தார்கள் என்றுதான் நினைப்பார்.

சோதனைக்கு ஆங்கிலமே தேவையில்லை. வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'வைத்தேன்' என்று வந்தால் 'புட்'. 'வைத்திருக்கிறேன்', 'வைத்திருப்பேன்' என்று வந்தால் 'கீப்'. சாவியை மேசை மேல் வைத்தேன்: 'புட்'. பாஸ்போர்ட்டை எப்போதும் பீரோவில்தான் வைத்திருப்பேன்: 'கீப்'.

'வை' வேறு வேலை பார்க்கும் இடங்களில் இரண்டுமே ஆகாது. பெயர் வைப்பது 'நேம்', மீட்டிங் வைப்பது 'ஹோல்ட்'. முந்தைய அறிகுறியின் வைத்தியமே இங்கும் பொருந்தும்.

அறிகுறி 4: குட்டிச் சொல் ஒட்டியதும் அர்த்தமே திரும்பிவிட்டது

செலவு வைக்கும் பிழை இதுதான். ஒரு மெயிலில் 'வி ஹேவ் புட் ஆஃப் த ஷிப்மென்ட்' என்று போய்விட்டது. எழுதியவர் மனதில் இருந்தது 'சரக்கை அனுப்பிவிட்டோம்'. 'ஷிப்டு', 'சென்ட் ஆஃப்' எல்லாம் கலந்து அப்படி வந்திருக்கிறது. படித்தவருக்குக் கிடைத்தது 'சரக்கு அனுப்புவதைத் தள்ளிப்போட்டுவிட்டோம்'. கன்டெய்னர் தூத்துக்குடித் துறைமுகத்தில் நிற்க, இங்கே ஏர் ஷிப்மென்ட் செலவு யார் தலையில் என்ற விவாதமே தொடங்கிவிட்டது. ஷிப்பிங் பில்லை ஸ்கேன் செய்து அனுப்பிய பிறகுதான் அந்தப் பக்கம் மூச்சு விட்டார்கள்.

சோதனை: 'புட்'டையும் குட்டிச் சொல்லையும் ஒரே சொல்லாக எண்ணி, அதற்குத் தமிழில் என்ன என்று கேளுங்கள். தனித்தனியாக மொழிபெயர்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

*புட் ஆஃப்.* தள்ளிப்போடு. சட்டையைக் கழற்றுவது இதில்லை, அதற்கு 'டேக் ஆஃப்'. 'புட் ஆன்' என்பதற்கு எதிர்ச்சொல் 'புட் ஆஃப்'பாகத்தான் இருக்கும் என்று நினைத்து விழுகிறவர்கள் ஏராளம். லைட்டை அணைக்கவும் 'டர்ன் ஆஃப்', 'சுவிட்ச் ஆஃப்' என்றே சொல்லுங்கள். இதற்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால் ஐஎன்ஜி வேண்டும்: 'புட் ஆஃப் சென்டிங்' சரி, 'புட் ஆஃப் டு சென்ட்' தவறு. தேதியை முன்னால் இழுக்க நம்மிடம் 'பிரிபோன்' இருக்கிறது, நல்ல சொல்தான், ஆனால் இந்தியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது. 'பிரிங் ஃபார்வர்ட்' புரியும். நடுவில் ஆள் வந்தால் வேறு பொருளும் உண்டு: 'த ஸ்மெல் புட் மி ஆஃப்' என்றால் அந்த வாடையில் எனக்கு ஆசையே விட்டுப்போயிற்று.

*புட் அப், புட் அப் வித்.* முதலாவது, ஒருவருக்குத் தங்க இடம் கொடுப்பது. இரண்டாவது, சகித்துக்கொள்வது. விருந்தாளியாகத் தங்கிவிட்டு வந்து 'தேங்க்ஸ் ஃபார் புட்டிங் மி அப்' என்று எழுதினால் மரியாதை. நடுவில் ஒரு 'வித்' நுழைந்து 'புட்டிங் அப் வித் மி' ஆனால், 'என் தொல்லையைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி' என்று ஆகிவிடும். சில வீடுகளில் அதுவும் உண்மையாக இருக்கலாம்.

*புட் டவுன், புட் டு ஸ்லீப்.* கையில் இருப்பதைக் கீழே வைப்பது, குறித்துக்கொள்வது, ஆளை மட்டம் தட்டுவது, எல்லாம் 'புட் டவுன்'தான். நாய், பூனை, குதிரை வந்தால் மட்டும் நின்று பாருங்கள். குழந்தையைத் தூங்க வைப்பதற்கு 'புட் த பேபி டு ஸ்லீப்' என்பது சரி. 'வி புட் அவர் டாக் டு ஸ்லீப்' என்று எழுதினால், பதிலுக்கு உங்களுக்கு இரங்கல் வரும். நோய்ப்பட்ட பிராணியை ஊசி போட்டு இறக்கவிடுவதற்கு அவர்கள் சொல்லும் சொல் அது. 'புட் டவுன்'னுக்கும் அதே ஆபத்து உண்டு.

*புட் அவுட்.* தீயை அணைப்பது, அறிக்கை வெளியிடுவது. 'ஐ டோன்ட் வான்ட் டு புட் யு அவுட்' என்றால் உங்களுக்குச் சிரமம் கொடுக்க விரும்பவில்லை. ஒரு பெண்ணைக் குறித்து, பின்னால் எதுவும் சேர்க்காமல் 'ஷி புட்ஸ் அவுட்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அமெரிக்கக் கொச்சையில் அது ஆபாசம்.

*அர்த்தம் சரி, வரிசைதான் இடறுகிறது.* இட், தெம், மி, ஹிம் எல்லாம் நடுவில் உட்கார வேண்டும்: 'புட் இட் ஆஃப்', 'புட் தெம் ஆன்'. 'புட் ஆஃப் இட்' நிற்காது. முழுப் பெயரானால் நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். 'புட் அப் வித்' மட்டும் பிரியாது, எதுவானாலும் கடைசியில்தான்.

எதற்கும் பிடி கொடுக்காவிட்டால் குட்டிச் சொல்லையே தூக்கி எறிந்துவிட்டு ஒற்றைச் சொல்லுக்குப் போங்கள்: போஸ்ட்போன், டாலரேட். பணமும் தேதியும் வரும் மெயிலில் இந்த ஒட்டுச் சொற்களே வேண்டாம் என்பது என் கட்சி. இயல்பாக இருக்காது என்று சொல்வார்கள். இருக்கட்டும், கன்டெய்னர் எங்கே என்பது புரிந்தால் போதும்.

அறிகுறி 5: நேற்றா, தினமுமா என்று தெரியவில்லை

'புட்'டுக்கு மூன்று காலத்திலும் ஒரே உருவம். கட், ஷட், ஹிட், லெட், செட் எல்லாம் இதன் கூட்டாளிகள். 'புட்டட்' என்று ஒன்று இந்தச் சொல்லுக்கு இல்லை. யாராவது அகராதியில் காட்டினால் அது கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தட்டும் வேறு சொல், அதன் ஒலியும் வேறு.

அவன், அவள், அது வந்தால் பார்ப்பது சுலபம். 'ஹி புட்ஸ்' தினமும் நடப்பது. எஸ் இல்லாத 'ஹி புட்' நடந்து முடிந்தது. எஸ்ஸை மறந்துவிட்டால் இன்றைய வழக்கம் நேற்றைய செய்தியாகிவிடும். நான், நீ, அவர்கள் வந்தால் உருவத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. 'யெஸ்டர்டே', 'எவ்ரி டே' என்று ஒரு காலச் சொல்லைச் சேருங்கள், இல்லையென்றால் 'ஹேவ் புட்' என்று எழுதுங்கள். ஐஎன்ஜி சேர்க்கும்போது டி இரட்டிக்கும்.

விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. குண்டு எறிதலில் ஆங்கிலத்தில் குண்டை எறிவதில்லை, 'புட்' செய்கிறார்கள். ஆண்களுக்கான 7.26 கிலோ குண்டை விதிப்படி தோளிலிருந்து தள்ளத்தான் வேண்டும், பந்து மாதிரி வீசக் கூடாது. 'புட்'டுக்குத் தள்ளுதல் என்ற பழைய பொருள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்கும் இறந்தகாலம் 'புட்' தான்.

அறிகுறி 6: நம் ஊரில் எல்லாருக்கும் புரிகிறது, வெளியாள் முழிக்கிறார்

'வேர் ஆர் யு புட் அப்?' 'ஹி ஹேஸ் புட் இன் ஹிஸ் பேப்பர்ஸ்.' 'ப்ளீஸ் புட் அப் த ஃபைல்.' மூன்றும் இந்திய ஆங்கிலத்தில் நன்றாக ஓடுபவை. இவற்றைப் பிழை என்று சிவப்பு மையால் சுழிப்பது எனக்குப் பிடிக்காது. யாருக்குப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தியாவுக்குள் என்றால் விட்டுவிடுங்கள். அரசு அலுவலகக் கோப்பில் 'புட் அப்' என்றால் மேலதிகாரியின் பார்வைக்கு வை என்று பொருள். அது அந்த அலுவலகத்தின் வழக்கு. அதை 'சப்மிட்' என்று திருத்திக் கொடுத்தால் செக்‌ஷன் சூப்பரின்டென்டன்ட் உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.

வெளிநாட்டுக்குப் போவதானால் மாற்றுங்கள். முதலாவது 'வேர் ஆர் யு ஸ்டேயிங்?' இரண்டாவது 'ஹி ஹேஸ் ரிசைன்ட்'. மூன்றாவதுக்கு 'ப்ளீஸ் சென்ட் மி த ஃபைல்'.

அறிகுறி 7: எழுத்தில் சரி, வாயில் வரும்போது 'பட்' ஆகிவிடுகிறது

பள்ளிக்கூடத்தில் கட், பட், ஹட், நட் என்று ஓட்டமாகச் சொல்லிப் பழகிய வாய், அதே வேகத்தில் இதையும் 'பட்' என்று சொல்லிவிடுகிறது. 'புட்'டின் உண்மையான கூட்டாளிகள் புல், புஷ், ஃபுல், புஷ், ஃபுட் என்று போகும். அதிலும் தமிழில் எழுதினால் தள்ளுவதும் புதரும் ஒரே மாதிரி 'புஷ்' என்று நிற்கின்றன. நம்முடைய ஒரே 'ப' இரண்டு ஒலிக்கும் வேலை பார்க்கிறது. ஆகவே எழுதிவைத்துப் படிக்காதீர்கள், அகராதித் தளத்தில் ஸ்பீக்கர் படத்தை அமுக்கிக் கேளுங்கள்.

சோதனை: கால் என்று பொருள்படும் 'ஃபுட்' சொல்லுங்கள், உடனே 'புட்' சொல்லுங்கள். இரண்டும் எதுகையாக வர வேண்டும். ஃபோனில் பதிவு செய்து அகராதியின் குரலோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இங்கிலாந்தின் வடபகுதி ஆட்களோடு ஃபோனில் பேசும்போது குழம்ப வேண்டாம். அவர்களில் பலர் 'கட்'டையே ஏறக்குறைய 'குட்' மாதிரி சொல்வார்கள். அது அவர்கள் ஊர்ப் பேச்சு, உங்கள் காதில் கோளாறு இல்லை. இந்த ஒரு சொல்லுக்காகப் பயிற்சியாளருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளரோடு நாள் முழுக்கப் பேசும் வேலையில் இருந்து, எதிர்முனை அடிக்கடி திரும்பக் கேட்கிறது என்றால் மட்டும் போங்கள்.

கை வைக்காமல் ஆளைக் கூப்பிட வேண்டிய இடங்கள்

'புட்'டுக்கு முன்னால் 'எ' அல்லது 'த' நிற்கிறதா? அப்படியானால் அது வினையே இல்லை, பெயர். 'த இன்வெஸ்டர் ஷல் ஹேவ் எ புட்' என்று பங்குதாரர் ஒப்பந்தத்தில் வந்தால், முதலீட்டாளருக்குத் தன் பங்கைச் சொன்ன விலைக்கு எதிர்த்தரப்பிடம் விற்கும் உரிமை இருக்கிறது என்று பொருள். பங்குச் சந்தையில் ஆப்ஷன் பக்கத்தில் 'பிஇ' என்று வருவதும் இந்தப் 'புட்' தான். அதை எழுத்துப் பிழை என்று நினைத்துத் திருத்தினால் பணம் போகும். ஒப்பந்தமானால் வக்கீல், கணக்கானால் ஆடிட்டர்.

கோர்ட்டுக் காகிதத்தில் 'புட் டு ஸ்ட்ரிக்ட் புரூஃப்' என்று இருந்தாலும் அப்படியே விடுங்கள். எதிர்த்தரப்பு அதை நிரூபித்தே ஆக வேண்டும் என்று சொல்லும் சட்ட வழக்கு அது. மொழி அழகாக இல்லை என்று மாற்ற நமக்கு உரிமை கிடையாது.

துணியில் தைக்கும் கேர் லேபிள் (எப்படித் துவைப்பது என்று சொல்லும் லேபிள்) வாசகமும் இந்த வகையில் சேரும். பையர் அனுப்பிய வாசகத்தில் 'புட்' எப்படி இருந்தாலும் அப்படியே அச்சுக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் லேபிள் ரோல் அச்சடிக்கும் முன் பையரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். லேபிள் அடித்த பிறகு பிழை தெரிந்தால் எல்லா பீஸிலும் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும்.

வக்கீலுக்கோ ஆடிட்டருக்கோ அனுப்பும்போது 'புட்' வரும் ஒற்றை வரியை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். அந்த ஷரத்து முழுவதும், ஒப்பந்தத்தின் ஆரம்பத்தில் இருக்கும் டெஃபினிஷன்ஸ் பக்கமும் சேர்ந்து போக வேண்டும். 'புட் பிரைஸ்', 'புட் பீரியட்' என்பதற்கெல்லாம் என்ன கணக்கு என்று பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருப்பார்கள்.